எழுதிய வரிசையில்

அகூஸ்டிக் கிதார். நாலைந்து சுரங்கள். ஒரு நிறுத்தம்.

பின்னால் எங்கோ ஸ்டீல் கிதார் எழுகிறது. எழுந்தது தெரியாமல் எழுகிறது.

குரல் வருகிறது. உயரத்தில் நிற்கும் மெலிந்த குரல். அதில் ஒரு நடுக்கம். இருபது வயதிலும் இந்த நடுக்கம் இருந்தது. இதைப் பாடும்போது அவருக்கு 59.

நீல் யங். ‘ப்ரெய்ரி விண்ட்’, புல்வெளிக் காற்று. 2005 செப்டம்பரில் வந்த ஆல்பம். பத்துப் பாட்டு. ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

கேட்கிறேன். வேறு எதுவும் செய்யவில்லை.

*

2005 மார்ச். நியூயார்க். ஒரு விழா முடிந்த மறுநாள் காலை. கண்ணுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு போல ஏதோ தெரிகிறது.

மருத்துவர்கள் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் சுவர் தளர்ந்து, ஓரிடத்தில் உப்பியிருக்கிறது. அனியூரிசம்.

சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள்.

இன்றைக்கும் அந்த நாளுக்கும் நடுவே கொஞ்ச நாள்கள் கிடக்கின்றன.

அந்த நாள்களில் அவர் நாஷ்வில் போகிறார். பழைய நண்பர்கள் வருகிறார்கள். ஒரு ஸ்டூடியோ. ஒலிவாங்கிகள். பாட்டு எதுவும் தயாராக இல்லை.

எழுதுகிறார். எழுதிய சூட்டோடு பதிவு செய்கிறார். அடுத்ததை எழுதுகிறார்.

*

பத்துப் பாட்டும் எழுதப்பட்ட வரிசையிலேயே ஆல்பத்தில் நிற்கின்றன.

இது சாதாரணமாகத் தெரிகிற செய்தி. அப்படி இல்லை. ஆல்பம் என்றால் வரிசையை மாற்றுவார்கள். பலமான பாட்டு முன்னால் வரும். சோர்ந்த பாட்டு நடுவில் ஒளிந்துகொள்ளும். கேட்பவர் எழுந்து போய்விடாதபடி கட்டுவார்கள்.

இங்கே அந்தக் கட்டு இல்லை. ஒரு நாளுக்குப் பின் அடுத்த நாள். அந்த நாளில் என்ன வந்ததோ அது.

முதல் பாட்டைக் கேட்கும்போது இரண்டாவது பாட்டு இன்னும் பிறக்கவில்லை. அவருக்கும் தெரியாது. அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வரும் வெற்றிடம் கனக்கிறது.

இரண்டு நொடி. மூன்று நொடி.

அடுத்தது வருகிறது.

*

பயம் எங்கே என்று காது தேடுகிறது.

கிடைக்கவில்லை. தலைக்குள் ஒன்று உப்பி நிற்கிறது, வெடித்தால் அவ்வளவுதான். அதைப் பற்றி நேராக ஒரு பாட்டும் இல்லை.

இருப்பவை வேறு. ஓர் ஓவியக்காரி. வானொலியில் கேட்கும் நண்பனின் குரல். வீட்டை விட்டுப் போகும் மகள். ஒரு கிதார். ஊர்.

மூச்சு போகிறது. வருகிறது. தேடுவதை விட்டுவிடுகிறேன்.

*

நாலாவது பாட்டு.

வேகம் கூடுகிறது. ஊதுகுழல்கள் சேர்ந்துகொள்கின்றன. சின்ன வயது. உறவுக்காரர்கள் கூடியிருக்கும் வீடு. பியானோ. அப்பா. பாட்டுப் பாடும் ஒரு குடும்பம்.

வீட்டிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டவர் பாடுகிறார். செத்தபின் தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். அந்தப் புல்வெளியில்.

சந்தோஷமான தாளம். அந்த வரி அதே தாளத்தில் வந்து, அதே தாளத்தில் கடந்துபோகிறது.

கால் தாளம் போடுவதைக் கவனிக்கிறேன். அதை நிறுத்தவில்லை.

*

கனடாவின் மானிடோபா மாகாணத்துப் புல்வெளி. தட்டையான நிலம். மலை கிடையாது. காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது.

அங்கே சைப்ரஸ் ரிவர் என்ற சிற்றூர். அப்பா ஸ்காட் யங் 1918இல் அங்கே பிறக்கிறார். பத்திரிகையாளர் ஆகிறார். ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுகிறார். நாவல்கள் எழுதுகிறார். 1984இல் மகனைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதுகிறார்.

அதற்கு வெகுகாலம் முன்பே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். 1960. பையன் அம்மாவோடு வின்னிபெக் போகிறான். அப்பா டொரண்டோ பக்கம்.

வின்னிபெக்கும் மானிடோபாதான். அப்பா பிறந்த புல்வெளிக்கு அப்பா இல்லாமல் போய்ச் சேர்கிறான்.

*

ஐந்தாவது பாட்டு. ‘இட்ஸ் எ ட்ரீம்’.

வயலின்கள். பியானோ. வேகமே இல்லை.

வளர்ந்த ஊரின் ஆறு ஓடுகிறது. பாலத்தடியில் ஒரு சிறுவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே கார்கள் போகின்றன. அவ்வளவும் கனவு என்கிறார். தங்க இடமில்லாத நினைவு என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார்.

இந்த ஆல்பத்தின் உச்சம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயலின்கள் அதிகம் என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்தச் சிறுவனைத் தாங்க அவ்வளவும் வேண்டியிருக்கிறது.

பாட்டு முடிகிறது. தூண்டில்காரன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

*

இப்போது காற்று.

ஆறாவது பாட்டு. ஆல்பத்திலேயே நீளமானது. ஏழு நிமிடத்துக்கு மேல். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப. பின்பாட்டுப் பெண்கள் திரும்பச் சொல்கிறார்கள். ஹார்மோனிகா. ஊதுகுழல்கள். மறுபடி அதே சொற்கள்.

அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. டிமென்ஷியா. அப்பா என்றோ சொன்ன ஒன்றை மகன் நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்.

சொன்னவருக்கே அது இனி நினைவில் இல்லை. கேட்டவரிடம் மட்டும் பாதி இருக்கிறது. அந்தப் பாதி இருப்பதும் ஒரு தலைக்குள். அந்தத் தலைக்குள் உப்பிய ரத்தக்குழாய்.

ஏழு நிமிடம் ஏன் என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை. நினைவுக்கு வராத ஒன்றைத் தேடும்போது மனசு இப்படித்தான் சுற்றுகிறது. அதே இடம். மறுபடி அதே இடம்.

*

ஜன்னல் கதவு அசைகிறது.

கொக்கி போடவில்லை. அசையட்டும்.

*

அவருடைய உடம்பைப் பற்றி ஒரு யோசனை வருகிறது. வரட்டும்.

1951. ஒண்டாரியோவில் ஒமெமீ என்ற ஊர். ஐந்து வயது. போலியோ. பிழைக்கிறார்.

1971. முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது. இடுப்பில் பட்டை. கனமான எலக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து, லேசான அகூஸ்டிக் கிதாரில் வாசிக்கிறார். அந்த உட்காரலில் ‘ஹார்வெஸ்ட்’ உருவாகிறது. 1972இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அது.

1991. மின்கிதார் இரைச்சலோடு நீண்ட பயணம். அந்தக் கச்சேரிகளின் பதிவுகளை உரத்த ஒலியில் கேட்டுக் கேட்டுச் சீர்செய்கிறார். காதுக்குள் ஓயாத ரீங்காரம் தொடங்குகிறது. பெரிய ஒலி எதையும் கேட்க விருப்பமில்லை. அந்த விருப்பமின்மையில் ‘ஹார்வெஸ்ட் மூன்’. 1992. அதன் தலைப்புப் பாட்டில் தாளத்தோடு ஒரு விளக்குமாறு தரையைப் பெருக்குகிறது. நிஜமான விளக்குமாறு. காதைக் கூர்ந்து வைத்தால் கேட்கும்.

2005. ரத்தக்குழாய்.

மூன்று அமைதியான ஆல்பங்கள். மூன்றுக்கும் அடியில் ஒரு வலி, ஒரு நோவு. அவர் அமைதியைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. உடம்பு கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் பாட்டு இருந்திருக்கிறது.

யோசனை வந்தது. போகிறது.

*

ஸ்டீல் கிதார் மறுபடி.

பென் கீத். மடியுயரத்தில் கிடக்கும் கம்பிகள் மேல் ஓர் உலோகத் தண்டை நகர்த்துகிறார். சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவல் இல்லை. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது போல ஒன்றிலிருந்து இன்னொன்று வழிகிறது. நடுவிலுள்ள எல்லாமும் கேட்கிறது.

1971இல் நாஷ்வில்லில்தான் சந்திப்பு. ‘ஹார்வெஸ்ட்’ பதிவுக்கு யாரோ கூப்பிட, இவர் வந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். சில பாட்டுகள் முடிந்த பிறகுதான் இருவரும் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள்.

முப்பத்து நாலு ஆண்டுகள் கழித்து அதே ஊர். அதே இருவர். இந்த ஆல்பத்தை யங்கோடு சேர்ந்து தயாரித்தவரும் கீத்தான்.

அவர் வாசிக்கும் அளவு குறைவு. ஒரு வரி முடிந்து, அடுத்த வரிக்குக் குரல் மூச்சு எடுக்கும் இடத்தில் மட்டும் வருகிறார். வந்து, விலகிவிடுகிறார்.

இந்த விலகலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

*

மார்ச் 29. நியூயார்க்.

தொடையில் ஒரு சிறு துளை. ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழல் ஒன்று மேலேறி மூளைவரை போகிறது. உப்பிய இடத்தை உலோகச் சுருள்கள் நிரப்புகின்றன. ரத்தம் அதற்குள் நுழைவது நிற்கிறது. மண்டையோட்டைத் திறக்கவில்லை.

நல்லபடி முடிகிறது.

ஓரிரு நாளில் தெருவில் நடக்கிறார். தொடையிலுள்ள காயம் திறந்துகொள்கிறது. ரத்தம். நினைவு தப்பி விழுகிறார். ஆம்புலன்ஸ்.

மூளை வழிவிட்டது. தொடை மறிக்கிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் வின்னிபெக்கில் ஜூனோ விருது விழா. அங்கே பாட வேண்டியவர். பாட்டுகளில் அத்தனை முறை போய்வந்த ஊர்.

போகவில்லை.

*

நாஷ்வில் திரும்புகிறார். மீதிப் பாட்டுகளை முடிக்கிறார்.

சிகிச்சைக்கு முன் எது, பின் எது என்று காதால் பிரிக்கப் பார்க்கிறேன். குரல் ஒன்றுபோலவே இருக்கிறது. கோடு எங்கும் கேட்கவில்லை.

*

ஜூன் 12. ஸ்காட் யங் காலமாகிறார். வயது 87.

ஆல்பம் அப்பாவுக்குச் சமர்ப்பணம்.

சமர்ப்பணத்துக்கு மேல் அதில் விளக்கம் எதுவும் இல்லை.

*

எட்டாவது பாட்டு. ஒரு கிதாரைப் பற்றி. பாட்டில் கேட்கிற கிதாரும் அதுவே.

மார்ட்டின் டி-28. 1941இல் செய்யப்பட்டது. பாடகர் ஹாங்க் வில்லியம்ஸிடம் இருந்தது. அவர் 1953இன் முதல் நாளில், பயணத்தில், காரின் பின் இருக்கையில் இறந்துபோனார். வயது 29.

எழுபதுகளில் அது நீல் யங் கைக்கு வருகிறது. அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. வாசிக்கிறார். பாப் டிலனுக்கு ஒரு பயணத்துக்காகத் தன் பஸ்ஸைக் கொடுத்தபோது இந்த கிதாரையும் அதிலேயே விட்டுவைக்கிறார். டிலன் கையிலும் கொஞ்ச காலம்.

மரம் உலர்ந்துகொண்டே இருக்கிறது. உலர உலர ஒலி இலகுவாகிறது. பழைய கிதார்களை வாசிப்பவர்கள் சொல்லும் விஷயம் இது.

எம்மிலூ ஹாரிஸ் கூடவே பாடுகிறார். இரு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று சாய்வதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன.

கிதார் தனக்குச் சொந்தமில்லை, சில காலம் தன்னிடம் இருக்கிறது என்கிற எண்ணம் பாட்டு முழுக்க.

விரல்களைப் பார்க்கிறேன். இவையும் அப்படித்தானோ என்று ஓர் எண்ணம். பின்தொடரவில்லை.

*

ஒன்பதாவது பாட்டு எல்விஸ் பிரெஸ்லி பற்றி.

எனக்கு ஒட்டவில்லை. ஒரே கருத்து உற்சாகமாகத் திரும்பி வருகிறது. அடியில் எதுவும் நகரவில்லை. மற்ற பாட்டுகளோடு வைத்துப் பார்த்தால் மெலிவு.

ஆனால் அது அந்த இடத்தில்தான் எழுதப்பட்டது. அந்த நாளில் வந்தது அதுதான். எடுத்து வெளியே வைக்காததில் ஒரு நேர்மை இருக்கிறது.

அதையும் முழுதாகக் கேட்கிறேன்.

*

கடைசிப் பாட்டு. பியானோ.

நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜூபிலி பாடகர்கள் பின்னால். அந்தக் குழுவுக்குத் தனி வரலாறு. 1871இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும், மூடப்படும் நிலையில் இருந்த தங்கள் கல்விக்கூடத்துக்குப் பணம் திரட்டப் பாடிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். கடல் கடந்து போய் விக்டோரியா அரசி முன்னாலும் பாடினார்கள். கூடம் பிழைத்தது. பாட்டும் பிழைத்தது.

இந்தப் பாட்டில் அவர்களுக்குச் சொற்கள் குறைவு. பெரும்பாலும் ஓர் எழுச்சி. பின் தாழ்தல்.

பாட்டு முழுக்கக் கேள்விகள். கடவுளைப் பற்றி. தன்னைப் படைத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள். பதில் ஒன்றும் கிடையாது. கேள்வியின் முடிவில் குரல் உயர்வதும் இல்லை. விடை வரும் என்று எதிர்பார்க்காதவர் கேட்கும் தொனி.

அந்த ஜூலை 2ஆம் தேதி ஒண்டாரியோவில் பாரி என்ற ஊரில் லைவ் 8 நிகழ்ச்சி. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடை. நோய்க்குப் பின் இவர் அங்கே பாடத் தேர்ந்தவற்றில் இந்தப் பாட்டும் ஒன்று.

பியானோ நிற்கிறது.

*

ஒன்றும் இல்லை.

மின்விசிறி. தூரத்தில் ஒரு வண்டி. அதுவும் போய்விட்டது.

ஒன்றும் இல்லை.

*

2005 ஆகஸ்ட் 18, 19. நாஷ்வில் ரைமன் அரங்கம்.

1892இல் தொழுகைக்கூடமாகக் கட்டியது. நாற்காலிகள் கிடையாது, இன்றும் தேவாலய மரப் பெஞ்சுகள்தான். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலிக் கச்சேரிகள் இங்கிருந்து ஒலித்தன. ஹாங்க் வில்லியம்ஸ் 1949இல் இங்கே முதன்முதலாகப் பாடினார். மூன்று ஆண்டுகளில் குடியினால் விலக்கப்பட்டார். நீல் யங்கும் 1971இல் ஜானி காஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இந்த மேடையில் நின்றிருக்கிறார்.

இப்போது இந்தப் பத்துப் பாட்டுகளும் முதன்முறையாக ஒருசேரக் கேட்பவர்கள் முன்னால். இயக்குநர் ஜொனாதன் டெம்மி படமாக்குகிறார். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என்ற பெயரில் 2006இல் வெளிவருகிறது.

கேமரா கூட்டத்தைத் தேடிப் போவதில்லை. பாடும் முகத்தில் நிற்கிறது. கண்ணிமை. தொப்பியின் நிழல். ஒருவர் பாடும்போது அடுத்தவர் அவரைப் பார்க்கும் பார்வை.

வரைந்த திரைச்சீலைகள். பொன் வெளிச்சம். ஹாங்கின் கிதார், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஹாங்க் நின்ற மேடையில்.

*

படத்தின் பின்பாதியில் பழைய பாட்டுகள். ‘ஓல்ட் மேன்’.

இருபத்து நாலு வயதில், புதிதாக வாங்கிய பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவரை எண்ணி எழுதிய பாட்டு. இளைஞன் முதியவரைப் பார்த்து, நானும் உன்னைப் போலத்தான் என்கிறான்.

பாடுபவருக்கு இப்போது 59. தலைமுடி நரைத்திருக்கிறது. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை.

இளைஞனும் முதியவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வாயால் பாடுகிறார்கள்.

*

பெயர்கள் திரையில் ஓடுகின்றன. கூட்டம் போய்விட்டது. மேடையில் அவர் மட்டும். எதிரே வெறும் பெஞ்சுகள். தன் முதல் தனி ஆல்பத்துப் பாட்டு ஒன்றை வாசிக்கிறார்.

கைதட்ட ஆள் இல்லை. அவர் தேடவும் இல்லை.

அந்த வெற்றுப் பெஞ்சுகளில் ஒன்றில் உட்கார இடம் இருக்கிறது என்று படுகிறது.

*

பென் கீத், 2010. பாஸ் கிதார் வாசித்த ரிக் ரோசாஸ், 2014. ஊதுகுழல் வெய்ன் ஜாக்சன், 2016. ஜொனாதன் டெம்மி, 2017. மனைவியாக அந்த மேடையில் பக்கத்தில் நின்று பாடிய பெகி யங், 2019. அதற்கு முன்பே அவர்கள் பிரிந்திருந்தார்கள்.

தலைக்குள் அனியூரிசத்தோடு வந்தவர் இருக்கிறார். சுற்றி நின்ற இத்தனை பேர் இல்லை.

இதில் நியாயம் தேடத் தோன்றுகிறது. தோன்றுவதைப் பார்க்கிறேன்.

ஆல்பத்தில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் இடத்தில் வருகிறார்கள். அவரவர் இடத்தில் நிறுத்துகிறார்கள்.

*

‘ஹார்வெஸ்ட்’ அளவுக்கு இதை யாரும் கொண்டாடுவதில்லை. பெரும் புகழ் பெற்ற பாட்டு ஒன்றும் இதிலிருந்து வரவில்லை. சொற்கள் சில இடங்களில் மிக எளிதாக விழுகின்றன. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் சீவியிருப்பார்.

அந்த ஒரு வாரம் கையில் இல்லை என்பது ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது. எனக்கு இது அவருடைய மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று. ‘இட்ஸ் எ ட்ரீம்’ ஒன்றுக்காகவே அப்படிச் சொல்வேன். அந்த ஆற்றுக்காக.

*

2006 மார்ச் முடிவு. சிகிச்சை நடந்து ஓராண்டு.

நீல் யங் எலக்ட்ரிக் கிதாரை எடுத்து மாட்டிக்கொள்கிறார். இராக் போரை எதிர்த்துப் பாட்டுகள். எழுதிய சூட்டோடு பதிவு. ட்ரம்பெட். 100 பேர் சேர்ந்து பாடும் குழு. மே மாதம் ‘லிவிங் வித் வார்’ வெளியாகிறது. உரத்த ஆல்பம்.